ஒரே வீட்டில் மூன்று பிஎச்.டி. ஆசை: புறநானூறு, கம்பெனிச் சட்டம், நர்சிங். வழி சொல்லுங்கள்

பாளை நர்ஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஆய்வு ஆசை பிடித்திருக்கிறது. நான் எம்.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் இருக்கிறேன். தம்பி எல்.எல்.எம்., கம்பெனிச் சட்டம் எடுத்துப் படித்தவன், வண்ணார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கம்பெனி ஃபைலிங் பார்க்கிறான். மதினி அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், சங்க இலக்கியம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவர்களுக்கு. மூன்று பேராலும் வேலையை விட முடியாது, பகுதி நேரம்தான்.

ஒரு சடங்கு வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது சொந்தத்தில் ஒரு பேராசிரியர், "ஆளுக்கொரு பக்கம் ஏன் போறீங்க, இப்போ பல்துறை ஆய்வுக்குத்தான் மதிப்பு, ஒரே தலைப்பைப் பங்கு போட்டுக்கோங்க" என்று சொல்லி அங்கேயே தலைப்பும் கொடுத்துவிட்டார். மதினிக்கு "சங்க இலக்கியத்தில் நோயாளர் பராமரிப்பு", எனக்கு "சங்ககாலப் பராமரிப்பும் இன்றைய நர்சிங்கும்: ஓர் ஒப்பீடு", தம்பிக்கு "சங்ககால வணிகக் குழுக்களும் இன்றைய கம்பெனிச் சட்டமும்". பந்தியில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது. மறுநாள் டூட்டியில், இடுப்பு எலும்பு முறிந்து அசைய முடியாமல் படுத்து முதுகில் புண் வந்த ஒரு தாத்தாவைத் திருப்பிப் போடும்போதுதான், இந்தத் தலைப்பால் இவருக்கு என்ன ஆகப்போகிறது என்று மனசு கேட்டது.

இப்படி மூன்று துறையை ஒன்றாகக் கட்டுவது சரிதானா? ஒவ்வொரு துறையிலும் ஆய்வு என்றால் உண்மையில் என்ன வேலை செய்ய வேண்டும்? பகுதி நேர விதிகள் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

கீழரதவீதி எழுதியது:

தாயி, முதலில் உங்கள் மதினிக்குச் சொல்கிறேன், நான் தமிழ்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். "இலக்கியத்தில் இன்னது" என்ற தலைப்பு எங்கள் துறையின் தீராத வியாதி. இலக்கியத்தில் மேலாண்மை, இலக்கியத்தில் சுற்றுச்சூழல், இலக்கியத்தில் பறவைகள். அந்தச் சொல் வரும் அடிகளைப் பொறுக்கி இயல் இயலாக அடுக்கிவிட்டால் ஆய்வேடு ஆகிவிடும். அதில் கேள்வி என்று ஒன்று இருக்காது, அதனால் பதிலும் இருக்காது.

ஆனால் பொருள் இல்லாமல் இல்லை. புறநானூறு 281, அரிசில்கிழார் பாட்டு. போரில் புண்பட்ட கணவன் வீட்டில் கிடக்கிறான். மனைவி தோழியைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: இரவத் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருகுவோம், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கட்டும், மை பூசி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை போடுவோம், "காக்கம் வம்மோ காதலந் தோழி" (காப்போம் வா, தோழி) என்று. 296-ஆம் பாட்டிலும் இதே காட்சி, ஆனால் அங்கே ஒரு வீடு இல்லை, ஊரில் எல்லா வீட்டிலும் வேம்பு ஒடிக்கிறார்கள், நெய் தொட்ட கையோடு ஐயவி, அதாவது அதே வெண்சிறுகடுகு, புகைக்கிறார்கள். பதிற்றுப்பத்து 42-இல் பரணர், புண் தைக்கும் நெடிய வெள்ளூசியை குளத்தில் மீனுக்கு முங்கி எழுகிற சிச்சிலிக் குருவியோடு ஒப்பிடுகிறார். நெடுநல்வாடையின் கடைசியில் அரசன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான்.

இதைப் பார்த்ததும் எல்லாரும் செய்வது என்ன? "பாருங்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிருமிநாசினி தெரிந்திருக்கிறது" என்று ஒரு முடிவுரை. பாட்டு அதைச் சொல்லவில்லை தாயி. தொல்காப்பியப் புறத்திணையியலில் தொடாக்காஞ்சி என்று ஒரு துறை (பாட்டுப் பொருளின் ஒரு பிரிவு), புண்பட்டவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பது. அந்த வேம்பும் புகையும் பேயை விரட்ட. அப்படியானால் அது சிகிச்சையா, சடங்கா, இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கமே அன்றைக்கு இல்லையா? இதுதான் கேள்வி.

இன்னொரு கஷ்டமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லை. புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 267, 268 பாட்டுகளே கிடைக்கவில்லை. உங்கள் 281, 296 இரண்டும் அந்த எல்லைக்கு அப்பால். அங்கே நமக்குக் கிடைப்பதெல்லாம் பிற்கால உரைதான், ஒவ்வொருவரும் அவரவர் காலத்து மருத்துவ அறிவை உள்ளே ஏற்றித்தான் பொருள் சொல்லியிருப்பார்கள். 1894-இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது முதல், நம்ம ஊர்ப்பக்கத்து வையாபுரிப்பிள்ளை 1940-இல் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் ஒன்றாகப் பதிப்பித்தது, அதற்குப் பிறகு வந்த உரைகள் என எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து, இந்தப் புண் பாட்டுகளுக்கு யார் எப்போது என்ன பொருள் சொன்னார்கள் என்று பார்த்தால் அது நல்ல ஆய்வு. அதற்கு நர்சிங் தெரிய வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

---

கொக்கிரகுளம் வக்கீல் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் எனக்கு ஒரே ஒரு சேர்க்கைதான்: "குறளில் கம்பெனி நிர்வாகம்" எழுதுகிறவர்களையும் அந்தப் பட்டியலில் போடுங்கள்.

அக்கா, உங்கள் தம்பி சங்க இலக்கியத்தில் கம்பெனியைத் தேட வேண்டாம், கிடைக்காது. வணிகக் குழு இருந்தது உண்மை, மதுரைப் பக்கம் மாங்குளத்துத் தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது அந்த ஊர் வணிகக் குழுவினர், வருகிறார்கள். ஆனால் நிகமம் வேறு, கம்பெனி வேறு. கம்பெனி என்பது பங்குதாரர்களிடமிருந்து பிரிந்து நிற்கும் தனி ஆள், சட்டத்தின் கண்ணில். அதன் கடன் பங்குதாரரின் வீட்டு வாசலுக்கு வராது. 1896-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் உறுதிப்படுத்திய இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. அதைப் பழைய வணிகக் குழுவின் மேல் ஒட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

பழசுதான் வேண்டும் என்றால் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் 1882-ஆம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கம்பெனி. மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்கு. நாம் அவரைக் கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்றே பேசிப் பழகிவிட்டோம், அவர் கம்பெனி தொடங்கிய வக்கீல் என்பதைப் பேசுவதில்லை. வெள்ளைக்காரன் எழுதிய அதே சட்டத்தை வைத்து அவன் கப்பல் கம்பெனிக்கே போட்டி வைத்தார், அந்தச் சட்டம் அவருக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று பார்க்கலாம். அந்த வரலாற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம், சட்டக் கோணத்தில் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் கை வைக்கவும். (அண்ணாச்சிக்கு: அதே ஆள்தான் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். பல்துறை என்றால் அது பல்துறை.)

ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் தம்பி செய்ய வேண்டியது உற்பத்தியாளர் கம்பெனி. ராதாபுரம் முருங்கை, புளியங்குடி எலுமிச்சை, அம்பை நெல் என்று விளைவிக்கும் நம் பக்கத்து விவசாயிகளை எல்லாம் கூட்டிப் பதிவு செய்கிறார்களே, அதுதான். இதன் சட்டக் கதையே வேடிக்கையானது. 2002-இல் பழைய 1956 சட்டத்துக்குள் நுழைத்தார்கள். 2013-இல் புதுச்சட்டம் வந்தபோது இதற்கு இடம் வைக்கவில்லை, பழைய சட்டத்தின் அந்தப் பகுதி மட்டும் உயிரோடு இருக்கும் என்று ஒரு வரியில் விட்டுவிட்டார்கள். 2020 திருத்தத்தில்தான் 378-ஏ முதல் வரிசையாகப் பிரிவுகள் போட்டு உள்ளே கொண்டுவந்தார்கள். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் போதும், இயக்குநர்கள் ஐந்துக்குக் குறையாமல் பதினைந்துக்கு மேற்படாமல், உறுப்பினர் எல்லாம் தனி ஆட்களாக இருந்தால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. உடம்பு கம்பெனி, உயிர் கூட்டுறவு.

கேள்வி என்னவென்றால், அந்த ஒரு ஓட்டை அந்த விவசாயி எப்போதாவது போட்டிருக்கிறாரா? பொதுக்குழு நிஜமாக நடந்ததா, இல்லை ஆடிட்டர் ஆபீசில் தீர்மானம் டைப் ஆனதா? இது உங்கள் தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தினமும் பார்க்கிறவன். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் உறுப்பினரிடம் கேட்க வேண்டும். காகிதத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஆய்வேடு. ஒரு எச்சரிக்கை: தன் ஆபீஸ் கையாளும் கம்பெனிகளைத் தொடக்கூடாது, வாடிக்கையாளர் ரகசியம் ஆய்வுக்குத் தீனி இல்லை.

சட்டப் பிரிவை எழுதி, கீழே தீர்ப்பை எழுதி, கடைசியில் "சட்டத்தில் திருத்தம் தேவை" என்று முடிக்கும் ரகம் மட்டும் வேண்டாம். அதற்கு உரைநூல் கடையில் கிடைக்கிறது.

---

டவுன் மச்சான் எழுதியது:

எல்லாம் சரி, பிஎச்.டி. வாங்கி என்ன செய்யப் போறீங்க? பகுதி நேரம் என்று சேர்ந்து பாதியில் விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பேருக்கு முன்னால் முனைவர் போட்டுப் பத்திரிகை அடிக்கவா?

---

தென்காசி சிஸ்டர் எழுதியது:

மச்சான் கேட்டதும் நியாயமான கேள்விதான், ஆனால் எல்லாரும் பத்திரிகைக்காகப் படிப்பதில்லை.

பாளை சிஸ்டர், நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், ஆய்வும் முடித்திருக்கிறேன். தமிழ்க்காரர்களுக்கு "இலக்கியத்தில் இன்னது" என்றால் நமக்கு "இன்னதைப் பற்றிய அறிவு குறித்துக் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் செயல்திறன்". உங்களுக்கே சிரிப்பு வரும். முப்பது நாற்பது பேருக்கு ஒரு கேள்வித்தாள், நடுவில் சார்ட் வைத்து ஒரு பாடம், பிறகு அதே கேள்வித்தாள், மார்க் கூடிவிட்டது, டி-டெஸ்ட் என்கிற புள்ளியியல் கணக்கும் போட்டாச்சு. பாடம் எடுத்த கையோடு கேட்டால் மார்க் கூடாமல் என்ன செய்யும்? எம்.எஸ்சி.க்கு அது பழகுவதற்கு ஆச்சு. பிஎச்.டி.க்கு நோயாளியின் உடம்பில் ஏதாவது மாறியதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் தலைப்பைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள், அந்தத் தாத்தா. படுக்கைப்புண். அது வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோல் தெரியும், 6 முதல் 23 வரை, 18-உம் அதற்குக் கீழும் ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. நம் வார்டில் அதை யார் செய்கிறார்கள்? ராத்திரி டூட்டியில் அத்தனை கட்டிலுக்கும் ஒன்றோ இரண்டோ சிஸ்டர். திருப்புவது கூட இருக்கும் மகள், மருமகள், பேரன். நம் ஊரில் நர்சிங்கில் பாதி அட்டெண்டர், அதாவது கூட இருக்கும் சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது, ஆனால் வெளியே இருந்து வந்த பாடப்புத்தகத்தில் அந்த ஆளுக்கு இடமே இல்லை. அவர்களுக்குத் திருப்பும் முறையை, குதிகாலுக்கும் இடுப்புக்கும் எப்படித் தாங்கல் கொடுப்பது என்பதை கையில் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் புது புண் குறைகிறதா? இதை அளக்கலாம்.

இன்னொன்று. முதல் நிலை படுக்கைப்புண் என்றால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று மனப்பாடம் செய்திருப்போம். நம் ஆட்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடு அதிகமா, குளிர்ந்திருக்கிறதா, தொட்டால் கெட்டியா, கொழகொழவென்று இருக்கிறதா, வலிக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். சிவப்பை மட்டும் தேடினால் முதல் நிலையைத் தவறவிட்டு தோல் கிழிந்த பிறகுதான் கண்டுபிடிப்போம், கணக்கும் தப்பாக வரும்.

வேலை என்று கேட்டால்: மருத்துவமனை அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், அது கையில் வரும் வரை ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளை முழுசாகப் படியுங்கள். சிகிச்சையிலோ பராமரிப்பிலோ மாற்றம் செய்து சோதிப்பதென்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். உங்கள் சொந்த வார்டு நோயாளிகளிடம் நீங்களே சம்மதம் வாங்காதீர்கள். ஊசி போடுகிற சிஸ்டர் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? வேறு ஒருவரை வைத்து வாங்குங்கள். புண்ணைப் பார்த்துக் குறிப்பவரும் எந்த நோயாளியின் அட்டெண்டருக்குப் பயிற்சி கிடைத்தது என்று தெரியாதவராக இருந்தால் நல்லது.

---

அபிஷேகப்பட்டி பஸ் எழுதியது:

விதிகளை நான் சொல்கிறேன், ஆபீஸ் பக்கம் வேலை பார்க்கிறவன்.

ஒரே தலைப்பைப் பங்கு போடும் யோசனை காகிதத்திலேயே நடக்காது. மதினிக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். சட்டம் என்றால் பெரும்பாலும் சென்னையில் உள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், நர்சிங் என்றால் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். மூன்று பல்கலை, மூன்று அறிவிக்கை, மூன்று வழிகாட்டி. ஆனால் பல்துறை ஆய்வுக்குத் தேவைப்பட்டால் வெளித்துறையிலிருந்து இணை வழிகாட்டி வைத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதியிலேயே இடம் இருக்கிறது. அந்த வழி யாருக்காவது வேண்டும் என்றால் தலைப்பு பதியும்போதே கேட்டுவிட வேண்டும்.

முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம், அதாவது 8 வரை. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம் கொடுக்கலாம், அதாவது மொத்தம் 10 வரை. பகுதி நேரத்துக்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று கட்டாயம், அதில் ஆய்வுக்கு நேரம் தருவதாகவும் தேவைப்பட்டால் பாடப்பணிக்கு (கோர்ஸ்வொர்க்) வேலையிலிருந்து விடுவிப்பதாகவும் எழுதியிருக்க வேண்டும், மொட்டையாக "ஆட்சேபணை இல்லை" என்று வாங்கி வந்து அலைகிறவர்கள் நிறைய. பாடப்பணி குறைந்தது 12 கிரெடிட். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது, யாராவது விளம்பரம் காட்டினால் ஓடிவிடுங்கள்.

தமிழுக்கும் சட்டத்துக்கும் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தும் இப்போது சேர்க்கை நடக்கிறது, நெட்டில் நர்சிங் பாடம் இல்லாததால் அக்கா மருத்துவப் பல்கலையின் நுழைவுத்தேர்வு அறிவிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வழிகாட்டியைத் தேடும்போது இரண்டு விஷயம் விசாரியுங்கள். பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4, அதற்கு மேல் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது, அவரிடம் இடம் இருக்கிறதா? ஓய்வு பெற 3 வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் புது ஆளை எடுக்க முடியாது, அவருக்கு எத்தனை வருஷம் பாக்கி? மரியாதைக்குறைவு என்று கேட்காமல் இருந்துவிட்டு அப்புறம் கண்ணைக் கசக்குவதில் பிரயோஜனம் இல்லை.

தலைப்பு முடிவாகும் முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்கா தளத்தில் தேடிவிடுங்கள், ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்தவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். முறையாக மேற்கோள் காட்டிய பாட்டு அதில் சேராது, மதினி பயப்பட வேண்டாம்.

---

பாளை நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மதினி 281-ஐயும் 296-ஐயும் படித்துவிட்டு, கிடைத்த உரைகளையெல்லாம் ராத்திரியே எடுத்து வைத்துவிட்டார்கள், அண்ணாச்சி சொன்ன வழிதான் என்று முடிவு. தம்பி உற்பத்தியாளர் கம்பெனிக்குத் தலையாட்டுகிறான், ஆனால் ஆபீஸ் கம்பெனிகளைத் தொடக்கூடாது என்றதும் முகம் வாடிவிட்டது, தகவல் எல்லாம் அங்கேதான் கைக்கெட்டுமாம். எனக்கு அட்டெண்டர் விஷயம்தான். சொந்தக்காரப் பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை.

தென்காசி சிஸ்டரிடம் ஒன்று. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் எழுதி, தமிழிலும் வேண்டும் என்கிறார்கள். நான் பார்த்த தமிழ்ப் படிவங்கள் எல்லாம் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன, எங்கள் வார்டுக்கு வரும் பீடி சுற்றும் அக்காமார் யாருக்கும் ஒரு வரி புரியாது. மதினியை எழுதச் சொல்லலாமா?

---

தென்காசி சிஸ்டர் எழுதியது:

தாராளமாக. "பங்கேற்பாளர் தன்னிச்சையாக விலகிக்கொள்ளும் உரிமை உடையவர்" என்று எழுத விடாதீர்கள், "வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஆங்கிலப் படிவத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்தில் ஆக்கித் தர வேண்டும், இரண்டையும் வைத்து ஒத்துப் பார்த்துத்தான் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதை மதினியிடம் கொடுக்காதீர்கள், தம்பியிடம் கொடுங்கள், வக்கீல் படிப்பு படித்தவன் ஓட்டை இருந்தால் கண்டுபிடிப்பான். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி முன்னால் கைநாட்டு வாங்க வேண்டும், அதற்கும் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் விட்டு வையுங்கள்.